மெயில் அசல் போலத்தான் இருக்கும்

போலி மெயிலை எழுத்துப் பிழையை வைத்துப் பிடிக்கலாம் என்று இன்னும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இன்று ஏஐ கருவி ஒன்று கையில் இருந்தால் யாரும் பிழையில்லாத ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு நிமிடத்தில் மெயில் எழுதிவிடலாம். அதேநேரம், நம் நாட்டில் உண்மையான அரச அலுவலகங்கள் அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்திகளிலேயே பிழைகள் நிறைய இருக்கின்றன. ஆகவே பிழையை அளவுகோலாக வைத்தால், அசலைப் போலி என்று தள்ளிவிடுவீர்கள், போலியை அசல் என்று நம்பிவிடுவீர்கள். லோகோ, முத்திரை, அதிகாரியின் கையெழுத்து, தலைமையகத்தின் முகவரி, இவையும் சாட்சி இல்லை. அசல் மெயிலிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுவது மிகச் சுலபம்.

பார்க்க வேண்டியவை இரண்டுதான். அந்த மெயில் உங்களிடம் என்ன கேட்கிறது? அதிலுள்ள லிங்க் எங்கே கொண்டுபோகிறது?

முதலில், கேட்பது. பாஸ்வேர்ட், போனுக்கு வரும் ஒருமுறை இலக்கமான ஓடிபி, கார்டின் பின்பக்க மூன்று இலக்கம், அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படம், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி எடுத்த செல்ஃபி. இவற்றில் ஒன்றை லிங்க் வழியாகக் கேட்டால், அனுப்பியவர் யார் என்று சொல்லிக்கொண்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். கூடவே ஒரு அவசரமும் வரும்: இன்று இரவுக்குள் கணக்கு மூடப்படும், 24 மணித்தியாலத்தில் பொதி திருப்பி அனுப்பப்படும், கடைசி நாள் நாளை. உங்களை யாரிடமும் கேட்டு விசாரிக்க விடாமல் தடுப்பதற்கே அந்த அவசரம்.

மலையகத்தில் அதிகம் பலிக்கும் தூண்டில் தபால் பொதி பற்றியதுதான். இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரில் வரும்: உங்கள் பொதி கொழும்பில் தங்கியிருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, மறுபடி அனுப்ப ஒரு சிறு தொகை கட்டுங்கள். கொழும்பில் வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் உள்ளவர் இதைப் பார்த்துச் சந்தேகப்படுவார். தோட்டத்து வரிசை வீடான லயனில் இருப்பவருக்கு அது உண்மை போலவே படும். தனி முகவரி இல்லாத லயன்கள் இன்னும் இருக்கின்றன. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. முகவரி சரியில்லை என்ற வார்த்தை, அனுபவித்த கஷ்டத்தைத் தொடுவதால் நம்பவைக்கிறது. இங்கே கேட்கப்படும் சிறு தொகை முக்கியமில்லை. அவர்களுக்குத் தேவை கார்டு இலக்கம். அதைக் கொடுத்ததும் உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும். நீங்கள் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்து அவர்களின் பக்கத்தில் அடிப்பீர்கள். அந்தக் குறுஞ்செய்தியை முழுதாக வாசித்தால் பெரும்பாலும் உண்மை அதிலேயே எழுதியிருக்கும்: எவ்வளவு பணம், எந்தக் கடைக்கு, எந்த நாணயத்தில். நீங்கள் ஐம்பது ரூபா கட்டப் போகிறீர்கள், குறுஞ்செய்தியில் வேறு தொகை இருக்கிறது என்றால் அந்த இலக்கத்தை எங்கேயும் அடிக்காதீர்கள். தொகையே இல்லாமல், கார்டை ஏதோ ஒரு வொலட்டில், அதாவது போனிலுள்ள டிஜிட்டல் பணப்பையில், சேர்ப்பதற்கான கோட் என்று இருந்தால் அது இன்னும் மோசம். அவர்கள் தங்கள் போனில் உங்கள் கார்டை ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். உண்மையிலேயே பொதி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பக்கத்துத் தபால் கந்தோரில் போய்க் கேளுங்கள்.

அடுத்தது வெளிநாட்டு வேலை. பெரிய ஹோட்டலின் மனிதவளப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு, சாதாரண ஜிமெயில் முகவரியிலிருந்து நியமனக் கடிதம் வரும். பாஸ்போர்ட்டின் படப் பக்கம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் எல்லாம் அனுப்பச் சொல்வார்கள். பணம் கட்டவில்லை, அதனால் ஒன்றும் போகவில்லை என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அது தவறு. அந்த நான்கு ஆவணங்கள் இருந்தால் உங்கள் பெயரில் வேறொருவர் நடமாடலாம். முகவர் நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஆவணங்களைக் கொடுங்கள். உரிமமுள்ள முகவரின் பெயரையே போலிகள் திருடுவதால், அந்த முகவரின் அலுவலகத்துக்கு நேரில் போய், மெயிலில் வந்த வேலை அங்கே உண்மையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நுவரெலியா, எல்ல, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடுபவர்களுக்கு இன்னொரு வகை வருகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாஸ்வேர்டை யாரும் கேட்பதே இல்லை. அறை பதியும் தளமான புக்கிங் டொட் கொம் அனுப்பியது போல ஒரு மெயில் வரும். தங்கிப்போன விருந்தினர் முறைப்பாடு செய்திருக்கிறார், உடனே பதில் எழுதுங்கள் என்று இருக்கும். லிங்கைத் தொட்டால் நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லும் பெட்டி திறக்கும். அதில் மூன்று படிகள்: விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், கொன்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் அழுத்துங்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே, கொப்பி செய்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் உங்கள் கிளிப்போர்டில் ஒரு கட்டளையை இரகசியமாக வைத்திருக்கும். நீங்கள் செய்த மூன்று அழுத்தல்களும் அந்தக் கட்டளையை உங்கள் கையாலேயே கணினியில் ஓட்டிவிடும். அது திருட்டு மென்பொருளை இறக்கி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், லொகின் ஆகியிருக்கும் நிலையைக் காட்டும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். 2024 டிசம்பரில் தொடங்கிய இந்த வகைத் தாக்குதல் தெற்காசிய விருந்தோம்பல் துறையையும் குறிவைக்கிறது என்று மைக்ரோசொஃப்ட் 2025 மார்ச்சில் எச்சரித்தது. நீங்கள் ரோபோவா என்று சோதிக்கும் எந்த உண்மையான பக்கமும் விண்டோஸ் பொத்தானை அழுத்தச் சொல்வதில்லை. முறைப்பாடு உண்மையா என்று பார்க்க, மெயிலை மூடிவிட்டு, உங்கள் கணக்குக்குள் நீங்களாகவே லொகின் செய்து அங்குள்ள செய்திப் பெட்டியைப் பாருங்கள்.

லிங்கை எப்படி வாசிப்பது

போனில் லிங்கைத் தட்டாமல், விரலை அதன்மேல் சற்று நேரம் அழுத்தி வைத்திருந்தால் முழு முகவரியும் தெரியும். கணினியில் மவுஸை மேலே கொண்டுபோனால் கீழ் மூலையில் தெரியும். அதைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கக் கூடாது. எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பின்னால் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கடைசித் துண்டுகள்தான் உண்மையான உரிமையாளர். தபால் திணைக்களத்தின் தளம் எஸ்எல்போஸ்ட் டொட் கவ் டொட் எல்கே என்று முடியும். எஸ்எல்போஸ்ட் டொட் கவ் டொட் எல்கே டொட் பார்சல் டொட் டொப் என்றிருந்தால், அது தபால் திணைக்களத்துடையது அல்ல. பார்சல் டொட் டொப் என்ற பெயரை வாங்கியவருடையது. முன்னால் எதையும் எழுதிக்கொள்ள அவருக்குத் தடை இல்லை. வீட்டுக்குக் கொழும்பு இல்லம் என்று பெயர் வைத்தால் வீடு தலவாக்கலையை விட்டுப் போய்விடாது.

கவ் டொட் எல்கே என்று முடியும் பெயர் அரச நிறுவனங்களுக்கு மட்டுமே கிடைக்கும். வெறும் டொட் எல்கே அப்படியல்ல. அதைப் பணம் கட்டி யாரும் பதிந்துகொள்ளலாம். அதனால் எல்கே என்று முடிந்தால் நம்பலாம் என்ற எண்ணம் வேண்டாம். பூட்டுச் சின்னமும் அப்படித்தான். இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சொல்லவில்லை. எழுத்து மாற்றங்களையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் சின்னப் போன் திரையில் எம் போலவே தெரியும். எல்லுக்குப் பதில் ஒன்று, ஓவுக்குப் பதில் பூச்சியம் என்றெல்லாம் வைப்பார்கள்.

இந்தக் கண்கட்டு எதுவும் பலிக்காத ஒரு சாட்சி உங்கள் போனிலேயே இருக்கிறது. வங்கிப் பக்கத்துக்கோ ஜிமெயிலுக்கோ பாஸ்வேர்டை பிரவுசரில் அல்லது பாஸ்வேர்ட் மேனேஜரில் சேமித்து வைத்திருந்தால், அசல் முகவரியில் மட்டுமே அது தானாக வந்து நிரம்பும். எப்போதும் நிரம்பும் பெட்டி இன்று வெறுமையாக இருக்கிறதா? கையால் அடிக்காதீர்கள். முகவரியை மறுபடி பாருங்கள்.

அனுப்பியவர் முகவரியையும் திறந்து பாருங்கள். போனில் பெயர் மட்டும்தான் தெரியும், அந்த இடத்தில் எந்தப் பெயரையும் எழுதலாம். பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்பைத் தட்டினால் முழு முகவரி வரும். சந்தேகம் தீராவிட்டால் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலப்பக்க மூன்று புள்ளிகளில் ஷோ ஒரிஜினல் என்பதைத் தெரிவு செய்யுங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டீமார்க் என்று மூன்று வரிகள் வரும், அனுப்பிய முகவரி உண்மையா என்று ஜிமெயில் சோதித்த முடிவுகள் அவை. டீமார்க் ஃபெயில் என்றிருந்தால், வேறொருவர் அந்த நிறுவனத்தின் முகவரியைப் போட்டு அனுப்பியிருக்கிறார் என்று கொள்ளுங்கள். மூன்றும் பாஸ் என்றிருந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். அந்த டொமைனிலிருந்துதான், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள இணையப் பெயரிலிருந்துதான், வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. திருடன் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி ஒழுங்காக அமைத்திருந்தால் அவனுக்கும் மூன்றும் பாஸ் ஆகும். டிகேஐஎம் வரியில் எந்த டொமைன் எழுதியிருக்கிறது என்பதை வாசியுங்கள்.

இணைப்பாக வரும் கோப்பு எச்டிஎம்எல் என்று முடிந்து, திறந்ததும் லொகின் பக்கம் தெரிந்தால் அது போலி. எந்த வங்கியும் லொகின் பக்கத்தைக் கோப்பாக அனுப்புவதில்லை. வட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ், வங்கி ஆப் என்றெல்லாம் ஏபிகே கோப்பு, அதாவது போனில் ஆப்பை நேரே நிறுவும் கோப்பு, வந்தால் இறக்காதீர்கள். கியூஆர் கோட் உள்ள மெயிலில் லிங்க் படமாக ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்கேன் செய்ததும் வரும் முகவரியையும் மேலே சொன்னபடியே வாசியுங்கள்.

கொடுத்துவிட்டால்

வெறுமனே லிங்கைத் தட்டி, எதையும் அடிக்காமல், எதையும் இறக்காமல் மூடியிருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஏதாவது கொடுத்திருந்தால், எந்த ஒழுங்கில் செயற்படுகிறீர்கள் என்பதில்தான் பணம் மிஞ்சுவது தங்கியிருக்கிறது.

பணம் சம்பந்தப்பட்டதென்றால் முதல் வேலை வங்கிக்கு அழைப்பது. லங்காபே வலையமைப்பின் செஃப்ட்ஸ் என்ற பணமாற்று முறை வழியாக ஒரு வங்கியிலிருந்து மற்ற வங்கிக்குப் பணம் உடனே போய்ச் சேர்ந்துவிடும். இரவு, ஞாயிறு, போயா தினம் என்ற கணக்கு அதற்கு இல்லை. காலையில் டவுனுக்குப் போய்க் கிளையில் சொல்லலாம் என்று காத்திருந்தால், அதற்குள் பணம் மூன்றாவது நான்காவது கணக்குக்கு மாறியிருக்கும். கார்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். மெயிலிலோ கூகிள் தேடலிலோ கிடைக்கும் இலக்கத்துக்கு வேண்டாம், போலி வாடிக்கையாளர் சேவை இலக்கங்களும் தேடலில் வருகின்றன. அழைப்பில் நான்கு விஷயங்கள் சொல்லுங்கள்: கார்டை முடக்குங்கள், இணைய வங்கி வசதியை நிறுத்துங்கள், இன்ன நேரத்தில் நடந்த இன்ன தொகை நான் செய்ததல்ல, பணம் போன வங்கிக்குச் சொல்லி அதை நிறுத்திவைக்கக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி, பேசிய நேரத்தோடு எழுதி வையுங்கள். அன்றைக்கே அதை எழுத்திலும் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதற்கு உங்கள் கையில் சான்று இருக்காது.

வங்கி சரியாகக் கவனிக்கவில்லை என்றால், எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியோடு இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். அதன் இலக்கம் 1935.

அடுத்தது சிம். உங்கள் அடையாள அட்டை விபரத்தைக் காட்டி, உங்கள் இலக்கத்துக்கு வேறொருவர் புது சிம் எடுத்துவிட்டால், ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். ஈசி கேஷ், எம்கேஷ் போன்ற வொலட்டுகளும் அந்த இலக்கத்தில்தான் தொங்குகின்றன. சிம் மாற்றப்பட்டதற்கு முதல் அடையாளம் சிக்னல் போவது. மலையகத்தில் இதுதான் சிக்கல். மழை பெய்தாலும் கரண்ட் போனாலும் சிக்னல் போகும் என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பார்க்க வேண்டிய முறை இது: அதே நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொரு போனை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குச் சிக்னல் இருந்து, உங்களுடையதற்கு மட்டும் இல்லாமல், போனை அணைத்துப் போட்டும் வரவில்லை என்றால், அந்த இன்னொரு போனிலிருந்து உடனே சிம் நிறுவனத்துக்கு அழைத்து, என் இலக்கத்துக்குப் புது சிம் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஆம் என்றால் சிம்மை நிறுத்தச் சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை வங்கிக்கு எடுங்கள்.

மூன்றாவது மெயில் கணக்கு. ஃபேஸ்புக், வேலைவாய்ப்பு விண்ணப்பம் போன்ற பலவற்றின் பாஸ்வேர்டையும் அந்த மெயில் வழியாக மாற்றிவிட முடியும் என்பதால், மற்றக் கணக்குகளுக்கு முன் இதை மீட்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அதிகமாக நடக்கும் தவறு. உள்ளே வந்தவர் திரும்ப வருவதற்கு வழி வைத்துவிட்டுப் போயிருப்பார். கூகிள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் மீட்பு இலக்கமும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். உங்கள் சாதனங்கள் என்ற பட்டியலில் தெரியாத போனோ கணினியோ இருந்தால் வெளியேற்றுங்கள். கணக்கைப் பயன்படுத்த அனுமதி பெற்ற வெளி ஆப்கள் இருந்தால் நீக்குங்கள். பிறகு ஜிமெயிலின் செட்டிங்ஸில் ஃபில்டர்ஸ், ஃபோர்வர்டிங் என்ற இரண்டு பகுதிகளையும் திறவுங்கள். போன் ஆப்பில் இவை வராது. கணினி வேண்டும், அல்லது போனின் குரோமில் டெஸ்க்டொப் சைட் என்பதை இயக்கிப் பார்க்க வேண்டும். வங்கியின் பெயர் உள்ள மெயிலை நேரே குப்பைக்கு அனுப்பும் ஃபில்டர் ஒன்றை அவர்கள் போட்டிருக்கலாம். அப்போது பணம் போவது பற்றிய எந்த மெயிலும் உங்கள் கண்ணில் படாது. ஃபோர்வர்டிங்கில் வேறு முகவரி இருந்தால், நீங்கள் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் உங்கள் மெயில்களின் பிரதி அங்கே போய்க்கொண்டேயிருக்கும்.

மீட்பு இலக்கத்தையே மாற்றிவிட்டார்கள் என்றாலும் உடனே கைவிட வேண்டாம். மாற்றிய பின் ஏழு நாட்கள் வரை பழைய இலக்கத்துக்கோ பழைய மெயிலுக்கோ கோட் அனுப்பும் தெரிவை கூகிள் தரக்கூடும். அந்த ஏழு நாட்களுக்குள், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் போனிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். தெரியாத கணினியிலிருந்து முயன்றால் நீங்கள்தான் உரிமையாளர் என்று கூகிளை நம்பவைப்பது கடினம்.

விண்டோஸ் பொத்தானை அழுத்தவைத்த வகையில் மாட்டியிருந்தால், அந்தக் கணினியிலிருந்து எந்தப் பாஸ்வேர்டையும் மாற்றாதீர்கள். புது பாஸ்வேர்டும் அதே வழியில் போகும். வைஃபையைத் துண்டித்துவிட்டு, வேறொரு போனிலிருந்து மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லொகவுட் செய்யுங்கள். திருடிய குக்கி செல்லாமல் போக அது அவசியம். பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் பாதுகாப்பு. ஏபிகே நிறுவியிருந்தால் போனை ஃபிளைட் மோடில் போட்டு, வங்கிக்கு இன்னொரு போனிலிருந்து அழைத்து, படங்களையும் தொடர்புகளையும் எடுத்துக்கொண்டு ஃபெக்டரி ரீசெட் செய்யுங்கள்.

வட்ஸ்அப் போய்விட்டால் அதே இலக்கத்தில் வட்ஸ்அப்பை மறுபடி பதியுங்கள். உங்கள் சிம்முக்கு வரும் ஆறு இலக்கக் கோட்டை அடித்ததும் அவர்கள் வெளியே போய்விடுவார்கள். அவர்கள் இரண்டாம் படிப் பாதுகாப்புக்கான பின் இலக்கம் போட்டிருந்தால் ஏழு நாட்கள் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அந்த ஏழு நாளும் அவர்களாலும் உள்ளே இருக்க முடியாது. இதற்கிடையில் உறவினர்களுக்குச் சாதாரண அழைப்பில் சொல்லிவிடுங்கள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் அம்மாவிடம், மகனின் வட்ஸ்அப்பிலிருந்து ஆஸ்பத்திரிச் செலவு என்று பணம் கேட்பது அந்தத் திருட்டின் அடுத்த படி.

கொமினிகேஷனில் திறந்த மெயில்

தோட்டப்புறத்தில் பலருடைய மெயில் கணக்கு அவர்களுடையதாகவே இல்லை. பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்க டவுனில் உள்ள கொமினிகேஷன் கடைக்குப் போகும்போது, அங்கேயே கடைக்காரர் ஒரு மெயில் திறந்து கொடுப்பார். பாஸ்வேர்ட் அவர் போட்டது. மீட்பு இலக்கமும் பல நேரம் கடையின் இலக்கம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணினியில் நாளெல்லாம் பலர் உட்காருகிறார்கள், பாஸ்வேர்டு பிரவுசரில் சேமித்தபடி கிடக்கிறது, அடையாள அட்டையை ஸ்கேன் செய்த படம் டெஸ்க்டொப்பில் பெயரோடு இருக்கிறது. இதை இன்றே சரிசெய்யுங்கள். உங்கள் சொந்தப் போனில் அந்தக் கணக்கில் லொகின் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, கடை இலக்கத்தை எடுத்துவிட்டு உங்கள் இலக்கத்தைப் போடுங்கள். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் கடைக்கே போய்க் கேட்டு, அங்கே நின்றபடியே மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்கேன் படத்தை அழிக்கச் சொல்லி, ரீசைக்கிள் பின்னையும் காலியாக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரின்ட் எடுத்திருந்தால், எல்லோருக்கும் அழிக்கும் தெரிவு இன்னும் வந்தால் அதில் அந்தச் செய்தியை அழியுங்கள். கடைப் போனின் கேலரியில் அது இன்னும் இருக்கலாம், அதையும் கேளுங்கள்.

பாஸ்வேர்டோடு ஒரு கோட்டும் கேட்கும் இரண்டு படி உறுதிப்படுத்தலைப் போடும்போது குறுஞ்செய்தியை விட ஒத்தென்டிகேட்டர் ஆப் நமக்குப் பொருந்தும். லயனில் சிக்னல் இல்லாமல் குறுஞ்செய்தி தாமதமாக வந்து, அதற்குள் கோட் காலாவதியாகிவிடும். ஆப் 30 விநாடிக்கு ஒரு முறை கோட்டைத் தானே உருவாக்கும், அதற்குச் சிக்னலும் வேண்டாம் டேட்டாவும் வேண்டாம். போனின் நேரம் தானியங்கி முறையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கையால் மாற்றிய நேரம் பிழையானால் கோட்டும் பிழையாகும். கூகிள் தரும் பத்து பேக்கப் கோட்டுகளைக் கடதாசியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் ஃபைலில் வையுங்கள். போன் தொலைந்த அன்று அதுதான் கைகொடுக்கும்.

அடையாள அட்டை வெளியே போயிருந்தால்

பாஸ்வேர்டை மாற்றலாம், கார்டை மாற்றலாம். அடையாள அட்டை இலக்கத்தை மாற்ற முடியாது. தொலைந்து புது அட்டை எடுத்தாலும் இலக்கம் அதேதான். அதோடு அந்த இலக்கம் நிறையச் சொல்லிவிடுகிறது. 12 இலக்க அட்டையில் முதல் நான்கு பிறந்த வருடம். அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டப்படும், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 1994561 என்று தொடங்கினால், 1994 மார்ச் 1இல் பிறந்த பெண். சில வங்கிகள் மெயிலில் அனுப்பும் கணக்கறிக்கைகளுக்கு அடையாள அட்டை இலக்கத்தையே பூட்டாகப் போடுகின்றன. ஆகவே வங்கி ஊழியர் என்று அழைப்பவர் உங்கள் முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் சரியாகச் சொன்னால், அவர் வங்கியில்தான் இருக்கிறார் என்று அதை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

படம் போய்விட்டதென்றால் செய்ய வேண்டியவை இவை. பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். பிறகு யாராவது உங்கள் பெயரில் செய்ததற்கு உங்களிடம் கேள்வி வந்தால், இந்தத் திகதியிலேயே சொல்லிவிட்டேன் என்று காட்ட அது மட்டும்தான் உதவும். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதப்பட்டால் வாசித்து விளக்கச் சொல்லி, விளங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு சிம் நிறுவனத்தின் சேவை நிலையத்திலும் என் அடையாள அட்டையில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, உங்களுடையதல்லாததை நீக்கச் சொல்லுங்கள். இலங்கை கடன் தகவல் பணியகத்திடம் உங்கள் சொந்தக் கடன் அறிக்கையைக் கேட்டுப் பெறலாம். நீங்கள் எடுக்காத கடன் அதில் இருந்தால், அந்தக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். அந்தப் பணியகத்தில் உறுப்பினராக இல்லாத ஒன்லைன் கடன் கம்பனிகள் கொடுத்த கடன் அறிக்கையில் வராது என்பதால், மூன்று மாதம் கழித்து வரும் மிரட்டல் அழைப்புகளுக்கும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இனிமேல் அடையாள அட்டையின் பிரதி கொடுக்க வேண்டி வந்தால், படத்தின் குறுக்கே, எழுத்துகளின் மேலேயே, இன்ன நிறுவனத்துக்கு இன்ன காரணத்துக்காக மட்டும் என்று திகதியுடன் எழுதிக் கொடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம்.

இளைஞர்களுக்கு ஒன்று. வங்கிக் கணக்கையும் கார்டையும் கொஞ்ச நாள் கொடுங்கள், மாதாமாதம் ஒரு தொகை தருகிறோம் என்று வருகிறவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். இன்னொருவரிடம் திருடிய பணம் முதலில் வந்து விழுவது அந்தக் கணக்குகளில்தான். பொலிஸ் தேடி வரும்போது கணக்கின் பெயரில் இருப்பவரைத்தான் பிடிக்கும். திருட்டுப் பணத்தை நல்ல பணமாக்குவதைத் தடுக்கும் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் 2006 முதல் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது சுலபமல்ல.

எங்கே சொல்வது

போலி மெயிலை அழித்துவிடாதீர்கள். சாதாரணமாக ஃபோர்வர்ட் செய்தால் அது எங்கிருந்து வந்தது என்ற தலைப்புத் தகவல் தொலைந்துவிடும். கணினியில் மூன்று புள்ளிகளுக்குள் டவுன்லோட் மெசேஜ் என்பதைத் தெரிவு செய்து கோப்பாக எடுத்து, அதை இணைப்பாக அனுப்ப வேண்டும். ஸ்கிரீன்ஷொட்டில் முழு இலக்கமும் திகதியும் நேரமும் தெரியட்டும். போலிப் பக்கங்களையும் திருடிய கணக்குகளையும் பற்றி நாட்டின் இணையப் பாதுகாப்பு அவசர உதவி அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு 101 இல் சொல்லலாம். பணம் இழந்திருந்தாலோ அடையாளம் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் பதிந்துவிட்டு, குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் எழுதுங்கள். அனுமதியில்லாமல் மற்றவரின் கணக்கில் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றம். உங்கள் பெயரில் போலி ஃபேஸ்புக் கணக்கு இருந்தால், அந்தக் கணக்கின் பக்கத்துக்கே போய், மூன்று புள்ளிகளில் ரிப்போர்ட் செய்து, வேறொருவராக நடிக்கிறார் என்பதைத் தெரிவு செய்யுங்கள். நண்பர்கள் ரிப்போர்ட் செய்வதை விட நீங்களே செய்வதற்கு வலு அதிகம்.

இவ்வளவும் நடந்து ஓரிரு கிழமையில் டெலிகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ ஒருவர் வருவார். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், போன கணக்கைத் திறந்து தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்பார். உங்கள் பெயரும் இழந்த தொகையும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்கப்படுகிறது. முறைப்பாடு பதிய பொலிஸோ சேர்ட்டோ மத்திய வங்கியோ கட்டணம் கேட்பதில்லை. அவருக்குப் பதில் எழுதாமல், அந்தச் செய்தியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, ஏற்கெனவே பதிந்த முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.